கழிவுநீருக்கு அளவு போடுவது யார்?

பதுளை நகருக்கு அருகே துன்ஹிந்தவில் 200 அடிக்கும் மேலான உயரத்திலிருந்து விழுகின்ற நீர் பதுளு ஓயாவினுடையது. ஹாலி-எல, பதுளைப் பக்கத்துத் தோட்டங்களின் சிற்றோடைகள் பல அதில் வந்து சேர்கின்றன. பதுளு ஓயா மகாவலியில் கலக்கிறது. மகாவலி திருகோணமலையில் கொட்டியாரக் குடாவைச் சென்றடைகிறது, அதன் ஒரு கிளை வெருகல் ஆறாக ஓடுகிறது. எனவே மூதூரிலும் வெருகலிலும் இருந்து இவ்விதழை வாசிக்கும் சகோதரிகளுக்கும், ஊவாவின் லயங்களில் வாழும் சகோதரிகளுக்கும் இடையே ஒரு நீர்வழி உறவு இருக்கிறது. மேலே ஒரு குடியிருப்பின் கழிவுநீர் எவ்வளவு சுத்தமாக ஓடையில் விடப்படுகிறது என்பது மேலே உள்ளவர்களின் வீட்டு விடயம் மட்டுமாக இருப்பதில்லை.

தோட்டங்களில் தனி வீட்டுத் திட்டங்கள் வந்த பிறகு இந்தக் கேள்வி கூர்மையாகியிருக்கிறது. லயத்துக்குப் பின்னால் பொதுக் கக்கூசு இருந்த காலத்தில் கழிவு எங்கே போகிறது என்று எவரும் கேட்டதில்லை. இப்போது வீட்டுக்கு வீடு நீர் ஊற்றிக் கழுவும் மலசலகூடம் வருகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் 7 பேர்ச்சஸ் நிலத்தில் கட்டப்பட்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேர்ச்சஸ் என்பது சுமார் 272 சதுர அடி. 7 பேர்ச்சஸ் என்றால் சுமார் 1,900 சதுர அடி, அதாவது சதுரமாக அளந்தால் ஒரு பக்கம் 44 அடிதான். மலக்குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 50 அடியாவது இருக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வழமையாகச் சொல்வதை இந்த நிலத்துக்குள் எப்படி நிறைவேற்றுவது? உங்கள் குழி அடுத்த வீட்டின் எல்லைக்குள் ஊறிக்கொண்டுதான் இருக்கும்.

இதற்கு மேலாக மலைச்சரிவு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயங்கள் மண்ணுக்குள் போனதை எவரும் மறந்திருக்க மாட்டோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையிலும் பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்தன. சரிவான நிலத்தில் நாற்பது ஐம்பது வீடுகளின் கழிவுநீரை ஆண்டு முழுவதும் மண்ணுக்குள் ஊறவிடுவது, ஏற்கெனவே தளர்ந்த மண்ணுக்கு மேலும் நீர்ப் பாரம் ஏற்றுவதாகும். இத்தகைய இடங்களில் எல்லா வீட்டுக் கழிவுநீரையும் குழாயில் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சிறியதொரு சுத்திகரிப்பு நிலையத்தில் சுத்தப்படுத்தி, ஓடையில் விடுவதே பொருத்தமான வழி. அப்படி விடும்போதுதான் 'எவ்வளவு சுத்தமாக?' என்ற கேள்வி சட்டத்தின் கேள்வியாகிறது.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட மத்திய சுற்றாடல் அதிகார சபை இதற்குப் பொறுப்பானது. 2008 பெப்ரவரி 1ஆம் திகதிய அதிவிசேட வர்த்தமானி, ஓடை, ஆறு, குளம் ஆகியவற்றில் விடப்படும் கழிவுநீருக்குரிய எல்லைகளை வரையறுத்தது. அந்தப் பட்டியலில் குடியிருப்புக் கழிவுநீருக்கு முக்கியமானவை சில: உயிரியல் ஒட்சிசன் தேவை லீற்றருக்கு 30 மில்லிகிராம், மிதக்கும் திண்மங்கள் 50 மில்லிகிராம், எண்ணெயும் கொழுப்பும் 10 மில்லிகிராம், மலக் கோலிபோர்ம் பற்றீரியா 100 மில்லிலீற்றருக்கு 40.

உயிரியல் ஒட்சிசன் தேவை என்றதும் பயந்துவிட வேண்டாம். அழுக்கு நீரில் உள்ள நுண்ணுயிர்கள் அந்த அழுக்கைத் தின்று முடிக்க எவ்வளவு ஒட்சிசனை எடுத்துக்கொள்கின்றன என்பதன் அளவு அது. அழுக்கு கூடினால் ஓடை நீரிலுள்ள ஒட்சிசன் முழுவதும் அதற்கே செலவாகிவிடும். மீன் செத்து மிதக்கும், நீர் கறுத்து நாறும். வீட்டிலிருந்து வரும் பச்சைக் கழிவுநீரில் இந்த அளவு 200 முதல் 350 வரை இருக்கலாம். சாதாரண மலத்தொட்டி அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் குறைக்கும். 30க்கு இறங்க வேண்டுமென்றால் தொட்டிக்குப் பிறகு கல் நிரப்பிய காற்றில்லா வடிகட்டி, அதற்குப் பிறகு நாணல் வளர்த்த சரளைக்கல் பாத்தி என்று இன்னும் இரண்டு படிகளாவது தேவை. 'தொட்டி கட்டியாகிவிட்டது, போதும்' என்று ஒப்பந்தகாரர் சொன்னால் அது போதாது.

அந்த வர்த்தமானியின் அடிக்குறிப்பொன்று இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. மேற்படி அளவுகள், விடப்படும் கழிவுநீரைப்போல் குறைந்தது எட்டு மடங்கு சுத்தமான நீர் ஓடையில் இருக்கும் என்ற கணிப்பில் போடப்பட்டவை என்றும், எட்டு மடங்குக்குக் குறைந்தால் உண்மையில் உள்ள மடங்கை எட்டால் வகுத்து அதனால் எல்லையைப் பெருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. அதாவது ஓடையில் நீர் வற்ற வற்ற எல்லையும் இறுகிக்கொண்டே போக வேண்டும்.

இந்த 'எட்டு' மிகவும் பழையது. பிரித்தானியாவில் 1898இல் கழிவுநீர் அகற்றல் பற்றி ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழு, 1912இல் வெளியிட்ட தனது எட்டாவது அறிக்கையில், எட்டு மடங்கு ஆற்றுநீர் இருந்தால் ஒட்சிசன் தேவை 20, திண்மம் 30 என்று அளவு சொன்னது. சோதனையை ஐந்து நாட்கள் நடத்துவதும் அக்காலத்திலிருந்து வருவதே. பிரித்தானிய ஆறுகளின் நீர் கடலை அடைய ஐந்து நாட்களுக்கு மேல் ஆவதில்லை என்பதுதான் காரணம் என்று சொல்வார்கள். அங்கே ஆண்டு முழுவதும் தூறிக்கொண்டிருக்கும். ஊவாவின் கதை வேறு. எங்கள் மலைக்கு மழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரையே அதிகம். தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், நுவரெலியா பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இங்கே வெறும் காற்றாக வருகிறது. மட்டக்களப்புச் சகோதரிகள் கச்சான் காற்று என்று நன்கு அறிந்த அதே காற்றுத்தான். ஜூன் முதல் செப்டெம்பர் வரை பசறையிலும் லுணுகலையிலும் ஓடைகள் கற்களுக்கிடையே கோடாக ஓடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 வீடுகள், வீட்டுக்கு ஐந்து பேர், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 120 லீற்றர். ஆக 24,000 லீற்றர் கழிவுநீர். ஓடையின் நீரை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஓடையைச் சிறிதாக மறித்து ஒரு குழாய் வழியாக விழச்செய்து, 20 லீற்றர் வாளி நிரம்ப எத்தனை செக்கன் ஆகிறது என்று எண்ணினால் போதும். பீலியில் (மலையூற்றைக் குழாய் வைத்து விழச்செய்யும் இடம்) தினமும் வாளியோடு காத்து நிற்கும் பெண்களுக்கு இதை எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மார்கழியில் 2 செக்கனில் நிரம்பினால் செக்கனுக்கு 10 லீற்றர், ஒரு நாளைக்கு 864,000 லீற்றர். கழிவுநீரைப்போல் 36 மடங்கு. கவலையில்லை. ஆகஸ்டில் அதே வாளி நிரம்ப 20 செக்கன் ஆனால் செக்கனுக்கு 1 லீற்றர், நாளைக்கு 86,400 லீற்றர். 3.6 மடங்குதான். 3.6ஐ எட்டால் வகுத்து 30ஆல் பெருக்கினால் 13.5. அந்த மாதம் அந்த நிலையம் 30க்குப் பதிலாக 13.5க்குள் நிற்க வேண்டும். மழைக்காலத்துக்கு என்று திட்டமிட்ட நிலையம் இதை எட்டாது. ஆகவே எல்லையைத் தீர்மானிக்கும்போது ஓடையை எந்த மாதத்தில் அளந்தீர்கள் என்பதுதான் முதற்கேள்வியாக இருக்க வேண்டும். கூட்டத்தில் வரைபடத்தை விரித்து வைத்து விளக்கும் உத்தியோகத்தரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

மாதத்தைப் போலவே மணியும் முக்கியம். இதைப் பொறியியலாளர்கள் அறிவார்கள், ஆனால் எங்கள் தோட்டத்து நாளை அவர்கள் வாழ்ந்து பார்த்ததில்லை. அதிகாலை ஐந்து மணியிலிருந்து பிரட்டுக்குப் போகும்வரை எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் மலசலகூடம், குளிப்பு, பாத்திரம் கழுவல். பிறகு மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்து வீடு வந்ததும் மறுபடி அதே வேகம். ஒரு நாளின் கழிவுநீரில் பெரும் பகுதி இந்த இரண்டு வேளைகளில் வந்து மோதுகிறது. சிறிய நிலையத்துக்கு அது தாங்காது, தெளியாத நீர் அப்படியே வெளியே தள்ளப்படும். மாதிரி எடுக்க வருபவரோ பதினொரு மணிக்கு வருவார். அந்த நேரம் தோட்டத்தில் வயோதிபர்களும் பிள்ளைகளும்தான். போத்தலில் பிடிக்கும் நீர் தெளிவாகவே இருக்கும். அறிக்கையும் நல்லதாகவே வரும். காலை ஆறரைக்கும் ஒரு போத்தல் பிடிக்கச் சொல்லி மாதர் சங்கம் எழுத்தில் கேட்டால், அதை மறுப்பதற்கு நியாயமான காரணம் இருக்காது. வந்து சேரும் நீரைத் தேக்கி நாள் முழுவதும் சீராக விடுகின்ற ஒரு தொட்டி முன்னால் இருந்தால் இந்தச் சிக்கல் பெருமளவு குறையும். செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவதும் அந்தத் தொட்டிதான்.

மலக் கோலிபோர்ம் 40 என்ற எல்லை எல்லாவற்றிலும் கடுமையானது. பச்சைக் கழிவுநீரில் 100 மில்லிலீற்றருக்குள் இவை பத்து இலட்சக்கணக்கில் இருக்கும். தொட்டியோ வடிகட்டியோ இவற்றை நாற்பதுக்குக் கொண்டுவராது. கடைசியில் குளோரின் இட வேண்டும். கலங்கிய நீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது என்பதால் முன்னைய படிகள் ஒழுங்காக இருக்க வேண்டும். நிலையத்தைத் திறந்து வைத்து நாடா வெட்டியவர்கள் போன பின்னர், மாதாமாதம் குளோரின் தூள் வாங்குவது யார்? தோட்ட நிர்வாகமா, பிரதேச சபையா, வீட்டுக்காரர்களா? இது எழுதப்படாத இடங்களில் முதல் மூட்டை முடிந்ததும் எல்லாம் முடிந்துவிடுகிறது.

2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இருந்த சகோதரிகளுக்கு இதன் விளைவை விளக்கத் தேவையில்லை. அந்த ஓகஸ்ட் மழையில் மலசலகூடக் குழிகள் நிரம்பிக் கூடாரங்களுக்கிடையே வழிந்ததும், அவ்வாண்டு மஞ்சள் காமாலை பரவியதும் அவர்கள் அனுபவித்தவை. அங்கே அடைபட்டிருந்தவர்களில், 1977இலும் 1983இலும் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வன்னியில் குடியேறியவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஓடையே இல்லை, ஆனால் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே குழி நீர் வடிகட்டப்படாமலே கிணற்றை அடைகிறது. அங்கே புதிதாகக் கட்டப்படும் விடுதிகளும் மாடிக் குடியிருப்புகளும் கழிவுநீரை எங்கே விடுகின்றன என்பது பதுளையின் கேள்வியை விடவும் அவசரமானது.

விடுதி என்றதும் இன்னொன்று. 2008 ஜனவரியில் வெளியான பட்டியலில், 25 பேரும் அதற்கு மேலும் தங்கும் விடுதிகளுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவையென்று குறிப்பிடப்பட்டது. ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போய் விடுதிகளில் தங்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இது நேரடியாகத் தொடர்புடையது. பின்னர் பட்டியல் திருத்தப்பட்டிருப்பதால் இன்றைய விதியைப் பிரதேச சபையில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரதேச சபைக்குப் போவதே தோட்டப் பெண்களுக்கு நீண்ட காலம் அடைபட்ட வழியாக இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், தனியார் நிலமாகக் கருதப்பட்ட தோட்டங்களுக்குச் சபை நிதியைச் செலவிட இடம் தரவில்லை. வாக்குப் போட்டுத் தெரிவு செய்யலாம், வடிகான் கேட்க முடியாது. 2018இல் செய்யப்பட்ட திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. ஆனாலும் கான் துப்புரவு, மலத்தொட்டி உறிஞ்சும் பவுசர் என்று எது கேட்டாலும் 'தோட்டத்து துரையிடம் போங்கள்' என்று சொல்லும் பழக்கம் சில மேசைகளில் இன்னும் போகவில்லை.

நிலையம் அடைத்துக்கொண்டால் குற்றம் பெரும்பாலும் பெண்கள் மீதே வருகிறது. மாதவிடாய்த் துணியையும் அணையாடையையும் உள்ளே போடுகிறார்கள் என்று கூட்டத்தில் ஆண்கள் முன்னிலையில் சொல்லப்படும், பெண்கள் தலை குனிவார்கள். அடைப்பு வருவது உண்மைதான். ஆனால் வேறு எங்கே போடுவது என்று திட்டத்தில் ஒரு வரி எழுதப்படுவதில்லை. மூடியுள்ள தொட்டி, அதை எரிக்க ஓர் இடம் இவற்றுக்கு ஆகும் செலவு மொத்தச் செலவில் மிகச் சிறியது. அடைப்பை எடுக்க இறங்குபவரும் யார் என்று பாருங்கள். தலைமுறையாக வாசக்கூட்டி வேலைக்கு ஒதுக்கப்பட்ட அதே குடும்பங்கள், கையுறைகூட இல்லாமல். சில சமயம் அதுவும் பெண்களாகவே இருக்கிறார்கள்.

ஓடையில் விடாமலே தப்பும் வழியும் உண்டு. மண்ணுக்குப் பாய்ச்சும் நீருக்கு ஒட்சிசன் தேவை எல்லை 250 என்று அதே வர்த்தமானி தளர்த்திக் கொடுத்திருந்தது. புல்லுக்கும் விறகு மரங்களுக்கும் பாய்ச்சலாம். பச்சையாகத் தின்னும் கீரைப் பாத்திக்கும், லீக்ஸ், கரட் விளையும் நிலத்துக்கும் வேண்டவே வேண்டாம். ஆனால் சரிவு நிலம் என்றால் முன்னர் சொன்ன மண்சரிவுப் பயம் மறுபடி வருகிறது. அந்த இடத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு பாடசாலை அப்பியாசக் கொப்பி போதும். மாதத்துக்கு ஒரு நாள், நிலையத்தின் வாயிலில் வரும் நீர் எந்த நிறம், மணம் உண்டா, அதற்கு மேலே ஓடையில் வாளி நிரம்ப எத்தனை செக்கன் என்று திகதியிட்டு எழுதுங்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டெம்பர் பக்கங்களைப் பிரதி எடுத்து, பிரதேச சபைக்கு ஒன்றும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் பதுளை அலுவலகத்துக்கு ஒன்றும் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.