பனிச்சறுக்கும் சிக்கன உடையும்

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பது நம் முன்னோர் பழமொழி. அவர்கள் கண்ட பனி, காலை எட்டு மணி வெயிலுக்கு முன் நில்லாத பனி. நுவரெலியாவிலே சில ஆண்டுகளில் தை மாதத்து விடியலில் தேயிலைக் கொழுந்து கருகும்படி உறைபனி படிவதுண்டு; அதற்கு மேற்பட்ட குளிரை இந்நாட்டில் இருந்தபடி அறிய வழியில்லை. ஆயினும் 1983ஆம் ஆண்டுக்குப் பின் இங்கிருந்து புறப்பட்டுச் சென்றோர் பலர் குளிர் நாடுகளிலே குடியேறினர். சுவிற்சர்லாந்தில் மட்டும் இன்று ஏறக்குறைய 50,000 இலங்கைத் தமிழர் வாழ்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகளுக்கு மாசி மாதம் என்பது மச்சைத் துளைக்கும் மாதமன்று. மலைச்சரிவிலே பலகை கட்டிச் சறுக்கும் மாதமாகும்.

அந்நாட்டுப் பாடசாலைகள் பல, குளிர்காலத்தின் நடுவிலே ஒரு வாரம் மாணாக்கரை மலை விடுதியொன்றுக்கு அழைத்துச் சென்று பனிச்சறுக்குப் பழக்குகின்றன. இதற்கு 'ஸ்கீலாகர்' என்று பெயர். இதற்கென விடப்படும் விளையாட்டு விடுமுறையின் பிறப்பு வேடிக்கையானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிலக்கரிக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. வகுப்பறைகளைச் சூடாக்க இயலாமற் போகவே, பாடசாலைகளுக்குக் குளிர்கால விடுமுறை அளிக்கப்பட்டது. போர் முடிந்தது, நிலக்கரி வந்தது, விடுமுறை மட்டும் போகவில்லை!

பிள்ளை ஒருநாள் வகுப்பாசிரியரின் கடிதத்தோடு வீடு வருகிறது. கடிதத்தின் அடியில் கொண்டுவர வேண்டிய உடைகளின் பட்டியல். தந்தை உணவகமொன்றின் சமையலறையில் வேலை. தாய் மாலையில் அலுவலகம் துப்புரவு செய்யச் செல்பவர். இருவரும் பனிச்சறுக்குப் பலகையில் ஒருநாளும் கால் வைத்தவரல்லர். அவர்கள் கடைக்குச் சென்று கண்ணாடிப் பேழையிலே தொங்கும் ஜக்கெற்றின் விலைச்சீட்டைப் புரட்டிப் பார்க்கின்றனர். பிறகு ஒருவரையொருவர் பார்க்கின்றனர். வெளியே வந்ததும், "அந்தக் கிழமை பிள்ளைக்கு வயிற்றுக்குத்து என்று கடிதம் கொடுத்தால் என்ன?" என்ற பேச்சு எழுகிறது. அங்கே வாழும் வறிய குடும்பங்கள் பலவற்றில், தமிழர் வீடு என்றில்லை, இப்படிப்பட்ட பேச்சு எழத்தான் செய்கிறது.

பாசறைக் கட்டணத்தைப் பற்றிய கவலைக்கு அந்நாட்டு உயர் நீதிமன்றமே ஓரளவு பரிகாரம் கண்டுவிட்டது. மாணாக்கர் கட்டாயம் பங்குகொள்ள வேண்டிய பாசறைகளுக்குப் பெற்றோரிடம் உணவுச் செலவை மட்டுமே வாங்கலாம் என்றும், அதுவும் பிள்ளையின் வயதுக்கேற்ப நாளொன்றுக்கு 10 முதல் 16 பிராங்க் வரையிலேயே அமைதல் வேண்டும் என்றும் 2017ஆம் ஆண்டு டிசம்பரில் அது தீர்ப்பளித்தது. ஆனால் உடை பெற்றோர் பொறுப்பு. ஆகவே கடைக்குப் போகுமுன் அறிந்திருக்க வேண்டிய சில உண்மைகள் உள.

முதலாவது உண்மை, உடை சூட்டை உண்டாக்குவதில்லை என்பது. சூட்டை உண்டாக்குவது உடல். உடையின் இழைகளுக்கிடையே சிறைப்பட்டு நிற்கும் காற்று, அச்சூட்டை வெளியேறவிடாமல் காக்கிறது. காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. நீரோ காற்றைவிட 20 மடங்குக்கு மேலாகக் கடத்தும். அன்றியும் ஈரம் காயும்போது சூட்டை உறிஞ்சிக்கொண்டு போகும். தண்ணீர்ப் பானையைச் சுற்றி நனைத்த துணி கட்டினால் உள்ளிருக்கும் நீர் குளிர்வதை நம் வீடுகளில் எல்லாரும் கண்டிருக்கிறோம். வியர்த்து நனைந்த பருத்திப் பெனியனோடு பனியில் நிற்கும் பிள்ளை அந்தப் பானையின் நிலையில் நிற்கிறது. மேலே ஆயிரம் பிராங்க் ஜக்கெற் இருந்தாலும் உள்ளே துணி ஈரமாயின் குளிர் விடாது.

நோர்வே நாட்டு இராணுவ அதிகாரி ஹென்றிக் புறூண் என்பவர் 1933ஆம் ஆண்டிலே மீன்பிடி வலையைக் கொண்டு ஓர் உட்சட்டை தைத்தார். ஓட்டை நிறைந்த வலை குளிருக்கு ஆகுமா என்று பருத்தித்துறை மீனவர் ஒருவர் கேட்டால் நியாயமே. வலைக் கண் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு காற்றறை. மேலே ஒரு சட்டை அணிந்தால் அக்காற்று வெளியேறாது. வியர்வையோ கண்களின் வழியே மேலேறி விடும். அந்த வலைச்சட்டையை நோர்வேயில் இன்றும் நெய்து விற்கிறார்கள். காசு கொடுத்து வாங்கும் பொருளின் பெரும்பகுதி வெறுங்காற்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எனவே தடித்த உடை ஒன்றிலும் மெல்லிய உடை மூன்று மேலானவை. தோலைத் தொடும் முதலுடை வியர்வையை வாங்கி வெளியே தள்ள வேண்டும். இதற்கு மெல்லிய கம்பளி சிறந்தது. கம்பளி தன் எடையில் மூன்றிலொரு பங்கு ஈரத்தை உள்வாங்கியும் உடலுக்கு ஈரமாகத் தோன்றாது. செயற்கை நூலாலான விளையாட்டு உட்சட்டை விலை குறைந்தது, விரைவில் உலர்வது. ஆனால் இரண்டாம் நாளே நாறத் தொடங்கும். பருத்தி மட்டும் ஆகாது. நம்மவர் பருத்தியை உடலுக்கு உகந்தது என்று போற்றுவதும் உண்மையே. யாழ்ப்பாணத்து வெயிலுக்கு அது உகந்தது. அதே காரணத்தால் ஜீன்ஸ் காற்சட்டையோடு பனியில் இறங்கவே கூடாது. நனைந்தால் அது அன்று முழுவதும் காயாது.

இரண்டாவது உடைக்குப் பணம் செலவழிக்க வேண்டிய அவசியமே இல்லை எனலாம். வீட்டிலிருக்கும் பழைய கம்பளிச் சுவெற்றர் போதும். 'பிளீஸ்' எனப்படும் பஞ்சு போன்ற செயற்கைத் துணியாலான சட்டை பழைய பொருட் கடைகளில் குவிந்து கிடக்கிறது; பத்தாண்டு பழையதாயினும் காற்றைப் பிடித்து வைக்கும் தொழிலில் அது குறைவதில்லை.

மூன்றாவது, மேலுடை. பனியையும் காற்றையும் தடுப்பது இதன் கடமை. சூடு தருவது அன்று. மலையகத்திலே கொழுந்து பறிக்கும் பெண்கள் இடையிற் படங்கு கட்டிக்கொள்வார்கள். செடியின் ஈரம் சேலையில் ஏறாமல் அது காக்கும்; ஆனால் ஏற்றத்தில் நடந்தால் உள்ளே வியர்வை தேங்கும். நீரை உள்ளே விடாமலும், வியர்வையின் ஆவியை வெளியே விட்டும் நிற்கும் துணி கிடையாதா என்ற கேள்விக்கு 1969ஆம் ஆண்டில் ஒரு விடை கிடைத்தது. சமையற் சட்டிகளில் ஒட்டாமலிருக்கப் பூசும் அதே பொருளை அமெரிக்கரான றொபேட் கோர் சடுதியாக இழுத்து நீட்டியபோது, நுண்ணிய துளைகள் நிறைந்த சவ்வொன்று உண்டாயிற்று. நீர்த்துளி புகமுடியாத அத்துளைகளால் நீராவி வெளியேறும். கோர்-ரெக்ஸ் என்ற பெயரில் உலகெங்கும் விற்பனையாவது இதுவே. இப்போது வேறு நிறுவனங்களும் இவ்வகைத் துணிகளை மலிவாகச் செய்கின்றன.

விலைச்சீட்டிலே 5,000 மில்லிமீற்றர், 10,000 மில்லிமீற்றர், 20,000 மில்லிமீற்றர் என்று எண்கள் காணப்படும். துணியின் மேல் எவ்வளவு உயரத்துக்கு நீரை நிறுத்தினால் அது கசியத் தொடங்கும் என்பதே இவ்வெண்ணின் பொருள். ஏழு நாள் பழகும் பிள்ளைக்கு 20,000 எதற்கு? 10,000 தாராளமாகப் போதும்; ஜக்கெற்றுக்கு 5,000 இருந்தாலும் வறண்ட குளிரில் சமாளிக்கலாம். காற்சட்டையில் மட்டும் குறைக்கக் கூடாது. தேர்ந்தவன் நின்றபடி சறுக்குகிறான். பழகுபவன் நாளில் ஐம்பது முறை பனியிலே குந்துகிறான். முழு உடலின் பாரமும் நனைந்த பனியை அத்துணிக்குள் அமுக்கும்போது ஈரம் புகுவது பின்புறத்தாலும் முழங்காலாலுமே. இதை அறியாமல் பலர் ஜக்கெற்றுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டுக் காற்சட்டையை ஏனோதானோ என்று வாங்குகின்றனர். இடுப்பில் தோள்வார் வைத்த காற்சட்டையும், கணுக்காலில் சப்பாத்தின் மேல் இறுக்கிக்கொள்ளும் உட்பட்டையும் பனி உள்ளே புகாமல் தடுக்கும்.

இவ்வுடைகளை எங்கே வாங்குவது? இலையுதிர் காலத்தில் ஊர்தோறும் 'ஸ்கீபோர்ஸெ' என்னும் பழைய பனிச்சறுக்குப் பொருட்சந்தை கூடுகிறது. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீட்டார் சிறுத்துப்போன உடைகளைக் கொண்டுவந்து விற்று, அடுத்த அளவை வாங்கிக்கொண்டு போவார்கள். ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் 'புறொக்கி' எனப்படும் பழைய பொருட் கடைகளும் உண்டு. வருமானம் குறைந்தோருக்குக் கரித்தாஸ் நிறுவனம் வழங்கும் 'கல்தூர்லெகி' அட்டையைக் காட்டினால் விளையாட்டு, கல்வி, பண்பாடு சார்ந்த பலவற்றுக்குச் சலுகை கிடைக்கும். புதிதே வேண்டுமென்போர் பருவம் முடியும் பங்குனி மாதத்தில் வாங்கினால் விலை வெகுவாக இறங்கியிருக்கும். ஆனால் அடுத்த ஆண்டு பிள்ளை எவ்வளவு வளரும் என்று கணக்கிட்டு வாங்க வேண்டும். கைநுனியிலும் கால்நுனியிலும் தையலைப் பிரித்து நீட்டிக்கொள்ளத்தக்க சிறுவர் உடைகளும் இருக்கின்றன. பலகை, சறுக்குச் சப்பாத்து இவற்றை வாங்கவே வேண்டாம்; வாடகைக்கு எடுப்பதே அறிவு.

இங்கே நம்மவருக்குள்ள தடை பணமன்று, மானம். பிறர் உடுத்திக் கழித்ததைத் தன் பிள்ளைக்குப் போடுவது குறைவு என்று தாய் எண்ணுகிறாள். ஊரிலே வறுமைப்பட்டபோதும் தீபாவளிக்குப் புதுத்துணி எடுத்தவளுக்கு அவ்வெண்ணம் எழுவது இயல்பே. அதை ஏளனம் செய்தல் தகாது. ஆயினும் அந்தச் சந்தையின் வரிசையில் நிற்பவர் யார் என்று அவள் ஒருமுறை சென்று பார்ப்பது நல்லது. மருத்துவர் வீட்டாரும் வங்கி அதிகாரி வீட்டாரும் பையோடு நிற்பார்கள். ஓராண்டில் சிறுத்துவிடும் சட்டைக்குப் புதுவிலை கொடுப்பதை அவர்கள் விரயமாகக் கருதுகின்றனர். தமிழ்க் குடும்பங்களுக்குள்ளும் பெரியம்மா வீட்டு அண்ணனின் உடை தம்பிக்கு வருவது பழைய வழக்கந்தானே? அதே வழக்கம் குளிர்நாட்டில் ஏன் வெட்கமாக வேண்டும்? பாசறைக்குப் போகாமல் வீட்டில் நின்ற பிள்ளைதான் உண்மையில் இழக்கிறது. ஒருவாரம் ஓரறையில் உறங்கி, ஒருவர் விழ மற்றவர் தூக்கிவிட்டுத் திரும்பிவரும் வகுப்பு, போனபோதிருந்த வகுப்பாக இராது. அவர்கள் பேசும் கதைகளில் அப்பிள்ளைக்கு இடமில்லை.

சிக்கனம் செய்யக் கூடாதவையும் சிலவுண்டு. தலைக்கவசம் பழையதாக வாங்குதல் தவறு. ஒருமுறை அடிபட்டிருந்தால் வெளியே தெரியாமல் உள்ளே வெடித்திருக்கலாம். பலகையோடு சேர்த்து வாடகைக்கு எடுக்கும்போது ஈஎன் 1077 என்ற ஐரோப்பியத் தர எண் உள்ளதா என்று பார்த்தால் போதும். கையுறை நீர் புகாததாக இருத்தல் வேண்டும். விரல்கள் நான்கும் ஒன்றாய் இருக்கும் வகை, விரல் விரலாய்ப் பிரிந்த வகையிலும் சூடானது. பாட்டி பின்னிய கம்பளிக் கையுறை அன்புக்குரியதே. ஆனால் பனியைத் தொட்ட பத்தாம் நிமிடத்தில் நனைந்துவிடும். அதை விடுதிக்குள் அணிந்துகொள்ளலாம். காலுறை நீளமானதாய், மெல்லிய கம்பளியாய், ஒன்றே ஒன்றாய் இருக்க வேண்டும். குளிருக்கு அஞ்சி இரண்டு அணிந்தால் சப்பாத்து இறுகி, இரத்த ஓட்டம் குறைந்து, பாதம் முன்னிலும் குளிரும்.

கண்ணைப் பற்றி அசட்டை பலருக்கு. 1,000 மீற்றர் உயரம் ஏறுந்தோறும் சூரியனின் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய பத்திலொரு பங்கு மிகுகிறது. புதுப்பனியோ அதில் 80 வீதம் வரை கீழிருந்து திருப்பி வீசுகிறது. காலையில் வெறுங்கண்ணோடு சறுக்கியவன் மாலையில் மணல் விழுந்தாற்போல் கண் எரிந்து அழுவான். ஆகவே புற ஊதாக் கதிரை முற்றாகத் தடுக்கும் கண்காப்பு புதிதாகவே வாங்கப்படட்டும். விலை மிகுந்த பெயர் வேண்டியதில்லை. கறுத்த தோலுக்கு வெயில் களிம்பு தேவையில்லை என்று சில தாய்மார் சொல்வதும் பிழை. மேலிருந்தும் கீழிருந்தும் வெயில் படும் இடத்தில் மூக்கும் நாடியும் எவர்க்கும் எரியும்.

உடைகளைப் புறப்படும் முதல்நாள் இரவில் அணிந்து பார்ப்பதைவிட ஒரு கிழமைக்கு முன்னரே மூன்றையும் ஒன்றின் மேலொன்றாய் அணியச் செய்து, குந்தி எழச் சொல்லிப் பார்ப்பது நன்று. முதுகு தெரிந்தால் உட்சட்டை குட்டை. கை தூக்க முடியாவிட்டால் மேலுடை இறுக்கம். பழைய மேலுடையின் மேல் நீரைத் தெளித்தால் துளியாக உருண்டோட வேண்டும். ஊறினால், நீர் ஒட்டாமற் செய்யும் தெளிமருந்தை வாங்கி அடித்துக்கொள்ளலாம். அவ்வுடையைக் கழுவும்போது துணியை மென்மையாக்கும் திரவத்தைச் சேர்க்கக் கூடாது. நீர்காக்கும் தன்மையை அது கெடுத்துவிடும்.

கடைசியாக ஒரு சிறு வேலை. ஒவ்வொரு உடையின் உட்புறத்திலும், இரண்டு கையுறைகளிலும் தனித்தனியே, பிள்ளையின் பெயரை அழியாத மையால் எழுதிவிட வேண்டும். விடுதியின் உலர்த்தும் அறையில் இரவிலே இருபது சோடிக் கறுத்தக் கையுறைகள் ஒரே கம்பியில் தொங்கும்.