தரவுத்தள இயக்கியும் இணைப்பும்: தமிழ்த் தரவின் நம்பகம் நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கல்வெட்டு, சுவடி, சொல்லடைவு முதலிய தமிழ்த் தரவுகள் இன்று தரவுத்தளங்களில் தொகுக்கப்படுகின்றன. அவற்றைக் கையாள உதவும் வரைகலை மென்பொருள்களுள் ஒன்று டிபீவர். அம்மென்பொருளில் இயக்கியையும் இணைப்பையும் அமைக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. இணைப்பு வெற்றி பெற்றது என்னும் செய்தி, எழுத்துகள் பிழையின்றிச் சேமிக்கப்படும் என்பதற்குச் சான்றாகாது என்பதையும், அதனை ஆய்வாளரே சோதித்தறியும் எளிய வழியையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: தரவுத்தளம், இயக்கி, இணைப்பு, குறியேற்றம், ஒருங்குறி, டிபீவர், மைஎஸ்கியூஎல்

முன்னுரை

அச்சு நூலில் நேரும் பிழையைப் படிப்பவர் கண்டுகொள்ள இயலும். தரவுத்தளத்தில் நேரும் எழுத்திழப்போ பல ஆண்டுகள் வெளிப்படாமல் இருக்கக்கூடும். ஆயிரக்கணக்கான பதிவுகள் உள்ளிடப்பட்ட பின்னர், தமிழ் எழுத்துகளின் இடத்தில் கேள்விக்குறிகள் மட்டுமே எஞ்சியிருப்பது தெரியவந்தால், மூலத்திலிருந்து மீண்டும் உள்ளிடுவதன்றி வேறு வழியில்லை. இத்தகைய இழப்பு பெரும்பாலும் இயக்கியும் இணைப்பும் அமைக்கப்படும் முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே அவற்றின் இயல்பை அறிவது கணினித் துறையினருக்கு மட்டுமன்றித் தமிழாய்வாளருக்கும் இன்றியமையாததாகிறது.

இயக்கியின் பணி

ஒவ்வொரு தரவுத்தளமும் தனக்கெனத் தனியான தகவல் பரிமாற்ற நெறியை உடையது. டிபீவர் போன்ற மென்பொருள் அந்நெறிகள் அனைத்தையும் நேரடியாக அறிந்திருப்பதில்லை. மென்பொருளுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் போல நின்று செயல்படும் நிரலே இயக்கி எனப்படுகிறது. டிபீவர் ஜாவா மொழியில் எழுதப்பட்டது. ஆதலால் ஜேடிபிசி என்னும் பொது நெறியைப் பின்பற்றும் இயக்கிகளைப் பயன்படுத்துகிறது.

புதிய இணைப்பை உருவாக்கும்போது தரவுத்தள வகையைத் தேர்ந்தெடுத்தால், உரிய இயக்கி கணினியில் இல்லாதவிடத்து அதனை இணையத்திலிருந்து பதிவிறக்க டிபீவர் அனுமதி கேட்கும். இணைய வசதி இல்லாத நூலகக் கணினிகளில், இயக்கியின் ஜார் கோப்பை வேறிடத்தில் பதிவிறக்கி, டிரைவர் மேனேஜர் பகுதியில் கைம்முறையாகச் சேர்க்கலாம். தரவுத்தளத்தின் பதிப்புக்கு ஏற்ற இயக்கியைத் தேர்வது முதன்மையானது. புதிய இயக்கி மிகப் பழைய வழங்கியோடு இணையாமல் போகலாம். பழைய இயக்கி புதிய வழங்கியின் கடவுச்சொல் முறையை அறியாமல் இருக்கலாம்.

இணைப்பின் கூறுகள்

இணைப்புக்கு வழங்கியின் முகவரி, போர்ட் எண், தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகிய ஐந்தும் தேவை. மைஎஸ்கியூஎல்லின் இயல்பான போர்ட் எண் 3306; போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் எண் 5432. எஸ்கியூலைட்டுக்கு வழங்கியே இல்லை. கோப்பின் இருப்பிடத்தைக் காட்டினால் போதும்.

இணைப்பு தோல்வியுறும்போது தோன்றும் பிழைச் செய்தி, தவறு எங்குள்ளது என்பதைப் பெரும்பாலும் காட்டிவிடும். காலம் கடந்தது என்னும் செய்தி வலையமைப்புத் தடையைக் குறிக்கும். இணைப்பு மறுக்கப்பட்டது என்பது வழங்கி இயங்காமையையோ தவறான போர்ட் எண்ணையோ காட்டும். அணுகல் மறுக்கப்பட்டது என்பது பயனர் உரிமை தொடர்பானது. மைஎஸ்கியூஎல்லில் பயனர் கணக்கு என்பது பெயரும் அவர் இணையும் கணினியும் சேர்ந்ததாகும். எனவே சரியான கடவுச்சொல்லுக்கும் வேறொரு கணினியிலிருந்து அனுமதி மறுக்கப்படலாம்.

குறியேற்றமும் தமிழ் எழுத்தும்

ஒருங்குறியில் தமிழ்த் தொகுதியைச் சேர்ந்த ஒவ்வொரு குறியீடும் யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் 3 பைட்டுகளைப் பெறும். சான்றாக, ‘த’ என்பது 224, 174, 164 ஆகிய மூன்று எண்களாகச் சேமிக்கப்படுகிறது. லத்தீன்1 குறியேற்றத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு மட்டுமே உண்டு. அதில் தமிழுக்கு இடமில்லை. 8.0 பதிப்புக்கு முந்தைய மைஎஸ்கியூஎல்லின் இயல்பான குறியேற்றம் லத்தீன்1 என்பது கருதத்தக்கது. பழைய இயக்கிகள், குறியேற்றம் வெளிப்படையாகக் கூறப்படாதபோது வழங்கியின் இயல்பைப் பின்பற்றின. அந்நிலையில் இயக்கி தமிழ் எழுத்துகளை அனுப்பும் முன்பே கேள்விக்குறிகளாக மாற்றிவிடும். வழங்கிக்குக் கிடைப்பது முறையான கேள்விக்குறி என்பதால் பிழைச் செய்தியும் தோன்றாது. இதனைத் தவிர்க்க, இயக்கியின் பண்புகள் பகுதியில் எழுத்துக் குறியேற்றம் என்னும் பண்புக்கு யுடிஎஃப்-8 என்னும் மதிப்பை அளித்தல் வேண்டும்.

மைஎஸ்கியூஎல்லில் யுடிஎஃப்8 என்னும் பெயர் நெடுங்காலம் 3 பைட்டு வரையிலான குறியீடுகளையே குறித்து வந்தது. இக்காலத் தமிழ் எழுத்துக்கு அது போதுமானது. ஆனால் பிராமி, கிரந்தம் ஆகியவற்றின் தொகுதிகளும், 2019ஆம் ஆண்டு ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட தமிழ்ப் பின்னக் குறிகளும் 4 பைட்டுகள் கொண்டவை. கல்வெட்டு, சுவடித் தரவுகளைத் தொகுப்போர் நெடுவரிசைகளை யுடிஎஃப்8எம்பி4 குறியேற்றத்தில் அமைப்பதே தகும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் குறியேற்றம் தரவுத்தளம் உருவாக்கப்படும்போதே முடிவு செய்யப்படுகிறது; அதன் ஜேடிபிசி இயக்கி எப்போதும் யுடிஎஃப்-8 வழியாகவே உரையாடுகிறது. ஆதலால் அங்கு இச்சிக்கல் குறைவு.

சரிபார்க்கும் முறை

திரையில் சரியாகத் தெரிவது மட்டும் சான்றாகாது. ஓர் இணையதளம் தவறான இணைப்பின் வழியே எழுதி, அதே வழியே படித்தால், இரு தவறுகளும் ஒன்றையொன்று மறைத்துத் தமிழ் சரியாகவே தோன்றும். அதே தரவை டிபீவரில் திறக்கும்போது பொருளற்ற லத்தீன் எழுத்துகள் தெரியும். குற்றம் டிபீவரிடம் இருப்பதாக எண்ணுவது இயல்பு. உண்மையில் சேமிக்கப்பட்டதே திரிந்துள்ளது.

இதனை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. சோதனை அட்டவணை ஒன்றில் ‘தமிழ்’ என்னும் சொல்லை உள்ளிட்டு, சேமிக்கப்பட்ட மதிப்பின் எழுத்து எண்ணிக்கையையும் பைட்டு எண்ணிக்கையையும் வினவ வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் இவற்றுக்கெனத் தனித்தனிச் சார்புகள் உள்ளன. இலக்கண நோக்கில் இச்சொல் மூன்றெழுத்தாயினும், த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஒருங்குறியில் ஐந்து குறியீடுகளாகும். விளைவுகளைப் பின்வருமாறு பகுத்துணரலாம்.

1. எழுத்து 5, பைட்டு 15: தரவு சரியாக உள்ளது.
2. எழுத்து 5, பைட்டு 5: கேள்விக்குறிகள் சேமிக்கப்பட்டுள்ளன, மீட்க இயலாது.
3. எழுத்து 15, பைட்டு 15: யுடிஎஃப்-8 பைட்டுகள் லத்தீன்1 நெடுவரிசையில் உள்ளன, மீட்கலாம்.
4. எழுத்து 15, பைட்டு அதனினும் மிகுதி: இருமுறை குறியேற்றம் நிகழ்ந்துள்ளது, பெரும்பாலும் மீட்கலாம்.

மூன்றாம், நான்காம் நிலைகளில் முழுத் தரவையும் முதலில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். பின்னர் மூன்றாம் நிலையில் நெடுவரிசையை முதலில் இரும வகைக்கும், அதிலிருந்து யுடிஎஃப்8எம்பி4 வகைக்கும் மாற்ற வேண்டும். நான்காம் நிலையில் மதிப்பை லத்தீன்1, இருமம், யுடிஎஃப்8எம்பி4 என்னும் வரிசையில் மாற்றினால் மூல உரை கிடைக்கும். தகுதரம் முதலிய பழைய 8 பிட் குறியேற்றங்களில் உள்ளிடப்பட்ட தரவுக்கு இம்முறை பொருந்தாது. அதனை வெளியே எடுத்து, குறிமாற்றி வழியாக ஒருங்குறிக்கு மாற்றியே மீளச் சேர்க்க வேண்டும்.

தொலைநிலை இணைப்பும் பாதுகாப்பும்

நிறுவனங்களின் வழங்கிகள் தரவுத்தளப் போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்துவைப்பதில்லை, திறந்துவைத்தலும் தகாது. எஸ்எஸ்எச் சுரங்கவழி இணைப்பை டிபீவரிலேயே அமைக்கலாம். அப்போது முதன்மைப் பக்கத்தில் தரவேண்டிய முகவரி, தொலைக் கணினியின் நிலையிலிருந்து காணப்படும் முகவரியாகும். தரவுத்தளம் அதே கணினியில் இயங்கினால் அது லோக்கல்ஹோஸ்ட் என்றே அமையும். பலர் இடறும் இடம் இதுவே.

ஒரே தரவுத்தளத்துக்கு இரண்டு இணைப்புகளை அமைத்துக்கொள்ளுதல் நன்று. ஆய்வுக்கும் தேடலுக்கும் வாசிப்புரிமை மட்டுமே உடைய பயனர் கணக்கு ஒன்று; திருத்தத்துக்கு மற்றொன்று. திருத்த இணைப்பில் தன்னியக்க உறுதிப்பாட்டை நிறுத்திவைத்தால், மாற்றங்களை உறுதி செய்யும் முன் சரிபார்க்கவும், தவறெனில் திரும்பப் பெறவும் இயலும்.

முடிவுரை

இயக்கி, இணைப்பு ஆகியவை வெறும் நிறுவல் படிகள் அல்ல. மூலபாடத்தின் தூய்மையைக் காக்கும் முதல் அரண்கள். சுவடியைப் பெயர்த்தெழுதுவோர் மூலத்தோடு ஒப்புநோக்குவது போலவே, தரவுத்தளத்தில் உள்ளிடுவோரும் சேமிக்கப்பட்டதை ஒப்புநோக்குதல் வேண்டும். முதல் பதிவை உள்ளிடும் முன் நிகழ்த்தப்படும் ஒரு சொல் அளவிலான சோதனை, பல்லாண்டு உழைப்பைக் காக்கும். அச்சோதனையின் விளைவையும், பயன்படுத்திய இயக்கியின் பதிப்பையும், குறியேற்றத்தையும் ஆய்வேட்டின் தரவு விளக்கப் பகுதியில் பதிவு செய்வது, அத்தரவைப் பின்னர் எடுத்தாளும் ஆய்வாளர்க்கும் பெரிதும் பயன்படும்.