எலக்ட்ரானிக் தராசு எதை அளக்கிறது?

மென்பொருள் எழுதுறவன் நான். எண் திரைக்கு வந்த பிறகுதான் எனக்கு அறிமுகம். கடைத் தராசுல அந்த எண் எங்கிருந்து வருதுன்னு தேடிப் படித்ததன் குறிப்பு இது.

தட்டுக்குக் கீழே ஒரு அலுமினியக் கட்டை. அதன்மேல் ஒட்டியிருப்பவை நான்கு ஸ்ட்ரெயின் கேஜ்கள்: மெல்லிய படலத்தில் வளைந்து வளைந்து ஓடும் உலோக இழைகள். எடை வைத்தால் கட்டை இம்மியளவு வளையும். கூடவே இழையும் நீளும், மெலியும், மின்தடை கூடும். அமுங்கினால் குறையும். உலோகத்தின் இந்தக் குணத்தை கெல்வின் பிரபு 1856-லேயே கண்டிருந்தார். கம்பியைப் பொருளின் மேலேயே ஒட்டி அளக்கும் யோசனை 1938-ல்தான் வந்தது. அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் இருவரும் தனித்தனியாக அதைச் செய்தார்கள்.

இப்போ கணக்கு. 30 கிலோ தராசு, 350 ஓம் கேஜ் என்று வைத்துக்கொள்வோம். முழு எடையில் இழை நீளுவது சுமார் 0.05 சதவீதம். தடை அதைப்போல இரண்டு மடங்கு, அதாவது 0.1 சதவீதம் மாறும். வெறும் 0.35 ஓம்!

இங்கேதான் வில்லன் வருகிறார்: வெயில். செம்புக் கம்பியின் தடை ஒரு டிகிரிக்கே 0.39 சதவீதம் கூடும். செம்பில் கேஜ் செய்தால், ஒரு டிகிரி சூடு ஏறியதும் காலித் தட்டு 100 கிலோவுக்கு மேல் காட்டும்.

தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, சூட்டுக்குத் தடை அதிகம் மாறாத கான்ஸ்டன்டன் என்ற செம்பு-நிக்கல் கலவை. இரண்டு, பள்ளியில் படித்த வீட்ஸ்டோன் சமனச்சுற்று. நான்கு கேஜில் இரண்டு நீளும் இடத்தில், இரண்டு அமுங்கும் இடத்தில். சூடு நாலையும் ஒரே பக்கம் மாற்றுவதால் கழிந்துவிடும். எடையின் விளைவு மட்டும் கூடிச் சேரும். 5 வோல்ட் கொடுத்தால் முழு எடைக்கு 5 மில்லிவோல்ட் கிடைக்கும். அதைப் பெருக்கித்தான் எண்ணாக்குகிறார்கள்.

லாரி நிற்கும் எடை மேடை, கிரேனின் அதிகச்சுமை எச்சரிக்கை, விமான இறக்கைச் சோதனை, பாலக் கண்காணிப்பு எல்லாத்துலயும் இதே தந்திரம்தான்.

மிச்சமிருக்கும் பலவீனம் பசை. அது நெகிழ்ந்தாலும் ஈரம் புகுந்தாலும் எண் மெல்ல நகரும். அதனால பொருள் வைக்கும் முன் திரையில் பூஜ்யம் இருக்கான்னு பாருங்க. பூஜ்யம் இருந்தா மட்டும் எடை சரின்னு ஆகிடாது. அதுக்கு முத்திரையிட்ட எடைக்கல் வெச்சுத்தான் பார்க்கணும்.