நுங்கம்பாக்கத்தில் ஓர் இரவு

தகவல் துளி. ஒடுகத்தூர், ஆம்பூர் பக்கம் ஷூ தைக்கும் நேயர்களுக்குச் சட்டெனப் புரியும் விஷயம் இது. டென்னிஸில் 'ஹார்டு கோர்ட்' என்பது கான்கிரீட் அல்லது தார்த் தளத்தின் மேல் மணல் கலந்த அக்ரிலிக் பூச்சு பூசிய ஆடுகளம். சொரசொரப்பான அந்தத் தரை ஷூவின் அடிப்பாகத்தை வேகமாகத் தேய்த்துவிடும். முழங்காலையும் சும்மா விடாது.

அப்படிப்பட்ட தளத்தில்தான், சென்னை நுங்கம்பாக்கம் அரங்கில், 1997 முதல் 2017 வரை ஆண்களுக்கான ஏடிபி போட்டியான சென்னை ஓபன் நடந்தது. முதல் ஆண்டு, 1996இல், அது டெல்லியில் நடந்த போட்டி.

2008 ஜனவரி அரையிறுதியை மறக்கவே முடியாது. ஸ்பெயினின் ரஃபேல் நடாலும் கார்லோஸ் மோயாவும் மோதினார்கள். இருவரும் மயோர்கா தீவுக்காரர்கள், நெருங்கிய நண்பர்கள். மூன்று செட்டும் டைபிரேக்கர்! 3 மணி 54 நிமிடம் ஓடி நடால் வென்றார். மறுநாள் இறுதியில் அவர் கால்கள் ஒத்துழைக்கவில்லை. ரஷ்யாவின் மிகயில் யூஷ்னி 6-0, 6-1 என வென்றார். அந்த நடாலுக்கே பின்னாளில் பயிற்சியாளராக வந்தவர், அன்று தோற்ற மோயா.

ஒற்றையர் பட்டத்தை அதிகம் வென்றவர் ஸ்விட்சர்லாந்தின் வாவ்ரிங்கா, நான்கு முறை. இந்தியர் எவருக்கும் அது கிட்டவில்லை. 2009இல் சோம்தேவ் தேவ்வர்மன் இறுதிவரை வந்தார். இரட்டையரிலோ லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி ஜோடி ஐந்து முறை கோப்பை ஏந்தியது. 2017இல், சென்னையில் நடந்த கடைசி ஆண்டில், ரோகன் போபண்ணாவுடன் இரட்டையர் பட்டம் வென்றவர் நம் ஜீவன் நெடுஞ்செழியன். 2018இல் போட்டி புனேவுக்குப் போய்விட்டது. நமக்குப் பெரிய இழப்புதான்.