கேட்டவர் எழுதிய நூல்

திருமாலையாண்டான் பாடத்தை நிறுத்திவிட்டார். திருவரங்கத்தில் நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்குப் பொருள் சொல்லிக்கொண்டு வந்தவர் அவர். இரண்டாம் பத்தில் மூன்றாம் திருவாய்மொழியின் மூன்றாம் பாசுரம் வந்தபோது மாணவர் குறுக்கிட்டார். அன்பைக் கொடுத்துவிட்டு மறுபடி இந்த உடம்போடு என்னைப் பிணைத்துவிட்டாயே என்று ஆழ்வார் நொந்துகொள்கிறார் என்பது ஆசிரியர் சொன்ன பொருள். முன்னும் பின்னும் உள்ள பாட்டெல்லாம் மகிழ்ச்சியில் திளைக்கும்போது நடுவில் ஒரு பாட்டு மட்டும் அழுமா என்று மாணவர் கேட்டார். உடம்போடு கட்டுண்டு மயங்கிக் கிடந்த காலத்திலேயே எனக்கு அன்பைத் தந்தாயே என்று நன்றி சொல்வதாகக் கொள்ளலாம் என்றார். தம் ஆசிரியர் ஆளவந்தாரிடம் தாம் கேட்டறியாத பொருள் என்று ஆண்டான் பாடத்தையே விட்டுவிட்டார். ஆளவந்தாரின் இன்னொரு சீடரான திருக்கோட்டியூர் நம்பி வந்து, மாணவர் சொன்ன பொருளையும் ஆளவந்தார் சொல்லத் தாம் கேட்டிருப்பதாக எடுத்துச் சொன்ன பிறகுதான் பாடம் தொடர்ந்தது.

அந்த மாணவர் இராமானுஜர். எங்கள் பென்னலூருக்கு அடுத்த ஊரான ஸ்ரீபெரும்புதூரில் 1017-ல் பிறந்தவர். ஆசிரியருக்கும் மாணவருக்கும் வந்த இந்தக் கருத்து வேறுபாடு இன்றைக்கு நமக்குத் தெரிகிறது என்றால், அதை மறைக்காமல், இன்னார் இப்படிச் சொன்னார் என்று பெயர் போட்டுச் சொல்லிவந்தார்கள் என்பதுதான் காரணம். திருவாய்மொழி உரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருப்பது இதுதான். இது ஆண்டான் நிர்வாகம் (விளக்கம்), இது இன்னொருவர் நிர்வாகம் என்று மாறுபட்ட பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

உரைகள் பெருகிய வரலாறும் பேச்சின் வரலாறுதான். இராமானுஜர் பணிக்கத் திருக்குருகைப் பிரான் பிள்ளான் எழுதியது ஆறாயிரப்படி. ஒரு படிக்கு 32 எழுத்துக் கணக்கு. அடுத்து நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி. அதை நல்ல ஓலையில் படியெடுத்துத் தரச் சொல்லி வரதராசர் என்ற சீடரிடம் கொடுத்தார். அவர் காவிரியைக் கடக்கும்போது வெள்ளம் ஓலைக்கட்டை அடித்துக்கொண்டு போய்விட்டது. கேட்டது நெஞ்சில் இருந்ததால் முழுவதையும் திரும்ப எழுதினார். சில இடங்களில் தமக்குத் தோன்றிய நயமான பொருளையும் சேர்த்தார். நஞ்சீயர் படித்தார், தம் உரை வளர்ந்திருப்பதைக் கண்டார். கோபிக்கவில்லை. அவரைக் கட்டிக்கொண்டு ‘நம்பிள்ளை’ என்று அழைத்ததாகக் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன.

அந்த நம்பிள்ளை பின்னாளில் திருவரங்கத்தில் சொன்ன விரிவுரையைப் பகலில் கேட்டு, இரவில் வீட்டில் உட்கார்ந்து எழுதினார் வடக்குத் திருவீதிப் பிள்ளை. அதுதான் ஈடு முப்பத்தாறாயிரப்படி. பெருக்கிப் பார்த்தால் 11,52,000 எழுத்து. இன்னொரு சீடரான நடுவில் திருவீதிப் பிள்ளை பட்டரும் எழுதினார். அவர் எழுதியது 1,25,000 படி, மகாபாரதம் அளவுக்கு. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் ஓலையில் ஏற்றிவிட்டால் ஆசிரியனிடம் வந்து கேட்பதற்கு இனி என்ன இருக்கிறது என்று எண்ணி, நம்பிள்ளை அதைக் கரையானுக்கு விட்டுவிட்டாராம். ஓலையைப் பொக்கிஷமாகக் கருதிய காலத்தில் இப்படி ஒரு முடிவு! இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பட்டரின் உழைப்பை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. ஆனாலும் நம்பிள்ளை எதைக் கண்டு பயந்தார் என்பது இப்போது கொஞ்சம் புரிகிறது.

ஈட்டையும் அவர் உடனே ஊருக்கு விட்டுவிடவில்லை. ஈயுண்ணி மாதவரிடம் கொடுத்தார். அவரிடமிருந்து அவர் மகனுக்கு, அங்கிருந்து நாலூர்ப் பிள்ளைக்கு, அவர் மகனுக்கு, பிறகு திருவாய்மொழிப் பிள்ளைக்கு என்று கைமாறி மணவாள மாமுனிகளிடம் வந்து சேர்ந்தது. அவர்தான் பெரிய பெருமாள் சந்நிதியில் ஓராண்டுக் காலம் அதை ஊரறியச் சொன்னார். அதுவரைக்கும் ஒரு தலைமுறையில் ஒருசிலரே அறிந்த நூல். திருக்கோட்டியூரில் மந்திரப்பொருளைப் பலரும் அறியச் சொன்ன இராமானுஜர் வழியில் வந்த நூல் இத்தனை காலம் பூட்டிக் கிடந்ததே என்பது என் ஆதங்கம்.

அச்சு வந்து பூட்டை உடைத்தது. காஞ்சியில் பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியர் வாழ்நாள் முழுக்க உரையும் பதிப்புமாக வெளியிட்டுக்கொண்டே இருந்தார். பி.ரா. புருஷோத்தம நாயுடு ஈட்டின் வடமொழி கலந்த மணிப்பிரவாள நடையைத் தமிழாக்கினார். சென்னைப் பல்கலைக்கழகம் அதைப் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தது. பிள்ளான் உரையைப் பற்றி ஜான் கார்மனும் வசுதா நாராயணனும் எழுதிய ஆங்கில நூல் 1989-ல் சிகாகோவில் அச்சானது.

ஈடு இப்படி எல்லோர் கைக்கும் வந்தது, எங்கள் ஊரும் மாறிவிட்டது. இன்றைக்குப் பென்னலூரில் வாடகைக்கு வீடு தேடி வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது தண்ணீரையும் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தையும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் தயாரிக்கத் தொடங்கியது முதல், ஒரகடம் சுங்குவார்சத்திரம் வரை ஆலைகள் வரிசையாக எழும்பிவிட்டன. ஊரில் பாதிப் பேர் ஷிப்டு பார்த்துத்தான் தூங்குகிறார்கள். சனிக்கிழமை இரவில் எங்கள் ஈடு வாசிப்புக் குழு கூடும்போது அதில் ஒரகடத்தில் உதிரிபாக ஆலையில் வேலை பார்க்கும் தம்பி இருப்பார். காஞ்சிபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், சிங்கப்பூரிலிருந்து இரண்டு பேர், திருவரங்கத்திலிருந்து பொருள் சொல்லும் சுவாமி. எல்லோரும் செல்பேசித் திரையில்தான். இந்தத் தம்பியும் இந்த அம்மாவும் அன்றைய கோஷ்டியில் எங்கே உட்கார்ந்திருப்பார்கள்? இன்றும் சமாச்ரயணம் என்ற தீட்சை பெற்றவர்களுக்கு மட்டுமே காலட்சேபமாகப் பொருள் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் முறை. எங்கள் குழுவில் வாசல் திறந்தே கிடக்கிறது. அதை நான் பெரிய காரியமாகவே நினைக்கிறேன்.

ஆனால் 2020 ஊரடங்கில் தொடங்கிய குழு, ஓராண்டுக்குள் மந்தமாகிப்போனது. எல்லாம் ரெக்கார்டு ஆகிறது, அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று ஆளாளுக்கு மைக்கை அணைத்துவிட்டு இருந்தோம். அப்புறம் யாரும் கேட்கவில்லை. சுவாமி கேள்விக்காக நிறுத்துவார், ஒரு சத்தமும் வராது. ஒன்றரை மணி நேர ஒலிப்பதிவுகள் வாராவாரம் குவிந்தன. 1,25,000 படி கைக்கு வந்துவிட்டது, வடக்குத் திருவீதிப் பிள்ளைதான் இல்லை.

வழி சொன்னவர் அந்த ஒரகடம் தம்பி. “சார், எங்க லைன்ல ஷிப்டு மாறும்போது ஒரு நோட்டு இருக்கும். முடிச்சிட்டுப் போறவர் வாயால சொல்லணும், வர்றவர்தான் எழுதணும். எழுதினதைப் படிச்சுப் பார்த்துட்டு முன்னவர் கையெழுத்துப் போடணும். அவரே எழுதிட்டா நாம கேட்டோமா இல்லையான்னு தெரியாது” என்றார். அடுத்த வாரத்திலிருந்து ஒலிப்பதிவை நிறுத்தினோம். ஒவ்வொரு வாரமும் ஒருவர் இரண்டு பக்கம் எழுதி, மறுவாரம் தொடக்கத்தில் வாசிக்க வேண்டும். சுவாமி திருத்துவார். மாற்றுக் கருத்து வந்தால் சொன்னவர் பெயரோடு அதுவும் ஏறும்.

முதல் குறிப்புகள் தட்டுத்தடுமாறித்தான் இருந்தன. எழுத வேண்டும் என்று வந்ததும் கேள்விகள் வந்துவிட்டன, புரியாததை எழுத முடியாதே. முதல் பத்தின் நான்காம் திருவாய்மொழியில் நாரை தூது போகும் இடம் நடந்தபோது, தூது போகும் பறவை ஆசாரியன், அதன் இரு சிறகும் ஞானமும் ஒழுக்கமும் என்ற உள்ளுறையைச் சுவாமி அழகாக விரித்தார். அந்த வாரம் எழுதும் முறை தமிழாசிரியை அம்மாவுடையது. “சுவாமி, அடியேன் ஒரு விண்ணப்பம். அது முதலில் நாரையாக இருக்கட்டுமே. சங்கப் பாட்டில் பிரிந்த தலைவி பறவையிடம் பேசுவாளே, அந்த வருத்தத்தைக் கேட்ட பிறகு ஆசாரியனிடம் போகலாமே” என்றார். சுவாமி கொஞ்சம் யோசித்தார். வியாக்கியானத்திலேயே இரண்டு தளமும் இருக்கிறது, நேரம் போதாமல் நான்தான் முதல் தளத்தைத் தாண்டிப் போனேன் என்றார். தலைவி பேசும் பாட்டுகளை அதன்பிறகு அவர் அந்த வரிசையில்தான் சொல்கிறார். அந்த வாரக் குறிப்பின் ஓரத்தில் சிவப்பு எழுத்தில் அம்மாவின் பெயர் இருக்கிறது. பக்கத்தில், ‘இதுவே கொள்ளத்தக்கது’ என்று சுவாமி எழுதியிருக்கிறார்.