இரண்டாவது தடவை கொன்றபோது எழுந்து வராத ப்ராசஸ்

மூன்றாம் வருடத்தில் நிரல்மொழிகள் பாடத்துக்கு ஒரு குழு வேலை. நான்கு பேர் சேர்ந்து, வகுப்பில் சொல்லித்தராத ஒரு மொழியைத் தோண்டித் துருவி இருபது நிமிடம் விளக்க வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் எங்களுக்கு விழுந்தது எர்லாங். பேரைக் கேட்டதுமே பக்கத்துக் குழுவுக்குச் சிரிப்பு.

வரலாறு சுலபமாகக் கிடைத்தது. 1986 வாக்கில் ஸ்வீடனின் எரிக்சன் ஆய்வகத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங் தொடங்கியது. ராபர்ட் விர்டிங்கும் மைக் வில்லியம்ஸும் சேர்ந்துகொண்டார்கள். டெலிபோன் நெரிசலைக் கணக்குப் போட்ட டென்மார்க்காரர் அக்னர் எர்லாங்கின் பெயர் இது. முதல் வடிவத்தை ப்ரோலாகில் எழுதியதால்தான் வரி முடிவில் முற்றுப்புள்ளி, மாறிகளுக்குப் பெரிய எழுத்து என்று அந்தச் சாயல் இன்னும் இருக்கிறது. இதெல்லாம் நாலு ஸ்லைடு.

விஷயம் அதற்கப்புறம்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான பேர் பேசுகிறார்கள். ஒரு அழைப்பில் கோளாறு வந்தால் அது மட்டும் அறுந்து போகலாம், மற்றவர்கள் பேச்சு அறுபடக் கூடாது. அதனால் எர்லாங்கில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ப்ராசஸ். இது இயங்குதளத்தின் ப்ராசஸ் இல்லை, ரொம்பச் சின்னது. பிறக்கும்போது மூன்று கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். ஒன்றின் நினைவகத்தை இன்னொன்று தொட முடியாது. செய்தி அனுப்பித்தான் பேசிக்கொள்ள வேண்டும். பிழை வந்தால் அந்த ப்ராசஸ் வளவளவென்று சமாளிக்காமல் செத்துப்போகலாம். அதைக் கவனிக்க மேலே ஒரு சூப்பர்வைசர் உண்டு. செத்ததும் புதிதாக ஒன்றைக் கிளப்பிவிடும்.

இதை நேரடியாகக் காட்டிவிடலாம் என்று டெமோ எழுதியவள் எங்கள் குழுவில் அதிகம் பேசாத தோழி. பேச வேண்டியது நான். எண்களைக் கூட்டிக்கொண்டே போகும் ஒரு கவுன்ட்டர் ப்ராசஸ், அதற்கு மேல் ஒரு சூப்பர்வைசர். அவ்வளவுதான்.

வகுப்பில் ஷெல்லைத் திறந்து கவுன்ட்டரை 12 வரை ஏற்றினேன். கொன்றேன். உடனே புதிது வந்தது. கைத்தட்டல். முன்வரிசைப் பையன் ஒருவன், "ஆனா கவுன்ட்டர் ஜீரோவுக்குப் போயிடுச்சே, அப்புறம் என்னத்தைக் காப்பாத்துச்சு?" என்றான். நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை, சிரித்து மழுப்பினேன். பின்வரிசையிலிருந்து, "மச்சி, இன்னொரு தடவ போடு!" போட்டேன். வந்தது. உற்சாகத்தில் அந்தக் கையோடேயே மறுபடி போட்டேன். இந்தத் தடவை எதுவும் வரவில்லை. ஷட்டவுன் என்று ஒரு வரி, அவ்வளவுதான். சூப்பர்வைசரையே காணோம்.

"லேப்டாப் மக்கர் பண்ணுது சார்" என்றேன். சாகாத மொழி என்று சொல்லிவிட்டு இப்படி நிற்கிறோமே என்ற பதற்றம். சார் விடவில்லை. எரிக்சனின் ஏஎக்ஸ்டி301 ஸ்விட்ச் 99.9999999 சதவீதம் இயங்கியது என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் ஸ்லைடில் போட்டிருந்தோம். அதாவது வருடத்துக்கு 32 மில்லிநொடிகூட நிற்காது. "எத்தனை மெஷினை, எத்தனை நாள் பார்த்து எடுத்த கணக்கு இது?" என்றார். நாங்கள் அதைக் கேட்டுப் பார்த்திருக்கவே இல்லை. கீழே இறங்கியபோது தோழி என்னைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணுக்கும் அவள் எழுதிய நிரல்தானே உடைந்தது.

அன்று ராத்திரி அவளே காரணத்தைக் கண்டுபிடித்து அனுப்பினாள். சூப்பர்வைசருக்கு ஒரு வரம்பு உண்டு. நாம் எதுவும் சொல்லாவிட்டால் 5 நொடிக்குள் 1 தடவை மட்டும் எழுப்பிவிடும். அதே 5 நொடிக்குள் மறுபடி செத்தால், தன் கீழ் உள்ள எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தானும் போய்விடும். நான் அவசரப்பட்டு அடுத்தடுத்துக் கொன்றேன், அது விதிப்படி விலகிக்கொண்டது. லேப்டாப் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஏன் இப்படி? புதிதாகத் தொடங்கினால் சரியாகிவிடும் பிழைகள் நிறைய உண்டு. அபூர்வமான ஒரு வரிசையில் செய்திகள் வந்து ப்ராசஸின் உள்நிலை குழம்பியிருக்கலாம். அதனால்தான் பழைய கணக்கை எடுத்துக்கொண்டு வராமல் ஜீரோவிலிருந்து தொடங்குகிறது. குழம்பிய நிலையையே திருப்பிக் கொடுத்தால் மறுபடி சாகும். காப்பாற்ற வேண்டிய தரவை வேறொரு ப்ராசஸிலோ டேட்டாபேஸிலோ வைப்பது நம் பொறுப்பு. ஆனால் கோப்பே இல்லை, டேட்டாபேஸே படுத்துவிட்டது என்றால் எத்தனை தடவை எழுப்பினாலும் பயனில்லை. அப்போது சூப்பர்வைசர் தானும் செத்து, தனக்கு மேலுள்ள சூப்பர்வைசரிடம் பிரச்சினையைத் தள்ளிவிடுகிறது. அது இன்னும் பெரிய பகுதியைப் புதிதாகத் தொடங்கிப் பார்க்கும். எங்கள் டெமோவில் மேலே யாருமே இல்லை.

மறுநாள் சாரிடம் போய், லேப்டாப் என்று சொன்னது பொய், நிரல் சரியாகத்தான் வேலை செய்தது என்றேன். அடுத்த வகுப்பில் ஐந்து நிமிடம் கொடுத்தார். இந்தத் தடவை பேசியது அவள். இரண்டு அடுக்கு சூப்பர்வைசர் வைத்திருந்தாள். வேகமாக இரண்டு தடவை கொன்றாள். கீழ் அடுக்கு முழுக்கச் சரிந்து, மேலிருந்து மறுபடி எழுந்தது. கவுன்ட்டர் 12 என்றே காட்டியது, எண்ணை வேறொரு ப்ராசஸில் வைத்திருந்தாள். 99.9999999 ஸ்லைடை நானே நீக்கியிருந்தேன்.