எந்த மலைக்கு எந்த விதை?
வீட்டுத்தோட்டத்தில் இனிப்புச் சோளமும் வெள்ளரியும்



வீட்டுத்தோட்டம் நமக்குப் புதிதல்ல. லயத்துக்குப் பின்னால் கிடக்கும் துண்டு நிலத்திலும், பீலிக் கரையிலும் போஞ்சி, கோவா, கீரை என்று நம் தாய் தகப்பன் காலத்திலிருந்தே போட்டு வருகிறோம். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில், கடையில் கால் கிலோ மரக்கறி வாங்கவே யோசித்த நாட்களில், அந்தத் துண்டு நிலம்தான் எத்தனையோ வீட்டில் கறிச்சட்டியை நிரப்பியது.

இப்போது பலருக்கு இரண்டு பயிரில் ஆசை வந்திருக்கிறது. ஒன்று, கடைக்காரர்கள் 'ஸ்வீட் கோர்ன்' என்று சொல்லும் இனிப்புச் சோளம். மற்றது வெள்ளரிக்காய், அதாவது சந்தையில் 'பிப்பிஞ்ஞா' என்று கேட்டால் தருவது. ஆசையோடு விதை வாங்கிப் போட்டவர்களில் சிலர் சொல்வது என்ன? "பக்கெட்டுல படம் நல்லாத்தான் இருந்திச்சிங்க. எங்க மண்ணுல ஒண்ணும் வரல்லியே!"

பெரும்பாலும் குறை மண்ணில் மட்டும் இல்லை. அந்த மலைக்குப் பொருந்தாத இனத்தை வாங்கியதுதான் காரணம். விதைக்குக் கொடுக்கும் காசு நம் உழைப்புக் காசு. அது வீண் போகாமல் இருக்க, படத்தைப் பார்த்து வாங்காமல் நம் மலையைப் பார்த்து வாங்க வேண்டும்.

1. உங்கள் தோட்டம் எத்தனை அடி உயரம்?

தேயிலையை உயரத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். 2,000 அடிக்குக் கீழே தாழ்நாட்டுத் தேயிலை. 2,000 முதல் 4,000 அடி வரை நடுநாட்டுத் தேயிலை. அதற்கு மேல் உயர்நாட்டுத் தேயிலை. மரக்கறிக்கும் இதே கணக்கை வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 2 பாகை செல்சியஸ் குறையும். சோளமும் வெள்ளரியும் வெயிலை விரும்பும் பயிர்கள். குளிரில் இரண்டும் சுருண்டு நின்றுவிடும்.

2,000 அடிக்குக் கீழே, இரத்தினபுரி, கேகாலை, காலிப் பக்கங்களில் இரண்டும் சுறுசுறுப்பாக வளரும். அங்கே பிரச்சினை குளிர் அல்ல; மழையும் நோயும் பழ ஈயும்தான்.

2,000 முதல் 4,000 அடி வரை, கண்டி, மாத்தளை, புசல்லாவை, பதுளைப் பக்கங்களில் இரண்டுக்கும் நல்ல இடம்.

4,000 முதல் 5,000 அடி வரை, ஹட்டன், பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கங்களில் முடியும். ஆனால் காலம் பார்த்து, குறைந்த நாளில் காய்க்கும் இனத்தைப் போட வேண்டும்.

5,000 அடிக்கு மேலே, நுவரெலியா, கந்தப்பளைப் பக்கங்களில் வெட்டவெளியில் வெள்ளரி போட்டுக் காசைக் கரைக்காதீர்கள். பொலித்தீன் கூடாரம் இருந்தால் மட்டும் பார்க்கலாம். சோளம் வரும், ஆனால் மிகவும் மெதுவாக வரும். அங்கே உள்ளவர்களுக்குக் கரட், லீக்ஸ், கோவாவே கைகொடுக்கும்.

2. சோளத்தில் மூன்று வகை

முதலாவது சாதாரண சோளம். விவசாயத் திணைக்களம் வெளியிட்ட பத்ரா, ருவன் போன்ற இனங்கள் இந்த வகை. பிஞ்சாகப் பறித்து அவித்தால் நல்ல ருசி, முற்றினால் மாவாக்கலாம். இந்த இரண்டு இனத்திலும் நல்ல கதிரைக் காயவைத்து அடுத்த போகத்துக்கு விதை எடுத்துக்கொள்ளலாம். வயிறு நிறைய வேண்டும், விதைக்குத் திரும்பவும் காசு போடக்கூடாது என்று நினைக்கும் குடும்பத்துக்கு இதுவே ஏற்றது.

இரண்டாவது சாதாரண இனிப்புச் சோளம். மணியில் உள்ள சீனி மாவாக மாறுவது இதில் குறைவு. ஆனால் கதிரை ஒடித்த பிறகு இனிப்பு சீக்கிரம் இறங்கிவிடும். சூடான இடத்தில் ஒரு நாள் வைத்தாலே பாதி இனிப்புப் போய்விடும். ஆகவே ஒடித்த கையோடு அவித்துச் சாப்பிடும் வீட்டுக்கு இது நல்லது.

மூன்றாவது அதிக இனிப்புச் சோளம். இதற்குக் காரணமான குணத்தை அமெரிக்க விஞ்ஞானி ஜோன் லோனன் 1953இல் விளக்கி எழுதினார். இதன் கதிர் சில நாட்கள் இனிப்புக் குறையாமல் இருக்கும். டவுனுக்குக் கொண்டுபோய் விற்க நினைப்பவர்களுக்கு இதுதான் சரி. ஆனால் ஒரு குறையும் உண்டு. விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள், சுருங்கிப்போய் இலேசாக இருக்கும். உள்ளே மாவு குறைவு. அதனால் முளைக்கும் பலமும் குறைவு. குளிர்ந்து ஈரமாகக் கிடக்கும் மண்ணில் போட்டால் அழுகிவிடும். 4,000 அடிக்கு மேலே இருப்பவர்கள் இந்த விதையை நேரே மண்ணில் போடாமல், சிறிய கப்பிலோ பொலித்தீன் பையிலோ மண் நிரப்பி, குசினிப் பக்கம் சூடான இடத்தில் முளைக்கவைக்க வேண்டும். முளைத்த உடனே வெளிச்சத்துக்கு எடுத்து வைத்து, இரண்டு மூன்று இலை விட்டதும் மண் உதிராமல் நடுங்கள்.

3. பக்கத்து வீட்டுச் சோளம்

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். லயத்தில் இதனால் மனஸ்தாபம் வரலாம்.

சோளத்தின் உச்சிப் பூவில் இருந்து மகரந்தம் காற்றில் பறந்து, கதிரின் நூலில் விழுகிறது. ஒரு நூலுக்கு ஒரு மணி. பக்கத்து வீட்டுச் சாதாரண சோளத்தின் மகரந்தம் உங்கள் இனிப்புச் சோளத்து நூலில் விழுந்தால், அந்த மணி அந்தப் போகத்திலேயே மாவு மணியாகிவிடும். அதிக இனிப்பு வகையும் சாதாரண இனிப்பு வகையும் பக்கத்துப் பக்கத்தில் பூத்தாலும் அப்படித்தான், இரண்டுமே கெடும். சாதாரண சோளம் போட்டவருக்கு அந்தப் போகத்தில் சாப்பாட்டில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் அவர் எடுத்து வைக்கும் விதை கலந்துபோகும்.

லயத்தில் தூரம் விட்டுப் போட இடம் எங்கே இருக்கிறது? அதனால் நாளை மாற்றுங்கள். ஒருவர் இன்று போட்டால் மற்றவர் மூன்று வாரம் கழித்துப் போடட்டும். பூக்கும் காலம் தள்ளிப்போய்விடும். அல்லது லயத்தில் எல்லாரும் பேசி, இந்தப் போகத்துக்கு ஒரே இனம் என்று முடிவு செய்யுங்கள். விதைக்கு முன்னால் பேசினால் கதிர் வந்த பிறகு, "எங்க சோளத்த அவங்க கெடுத்துப்புட்டாங்க" என்ற பேச்சு வராது.

இன்னொன்று. வேலி ஓரமாக ஒரே வரிசையில் நீளமாகப் போடாதீர்கள். மகரந்தம் சரியாக விழாமல் கதிரில் பல் விழுந்த மாதிரி இடைவெளி வரும். வரிசைக்கு வரிசை 2 அடி, கன்றுக்குக் கன்று 1 அடி விட்டு, நான்கு வரிசையில் ஐந்து ஐந்தாக 20 கன்று கட்டமாகப் போடுங்கள். 8 அடிக்கு 5 அடி இடம் போதும். கன்றுக்கு ஒரு நல்ல கதிர் என்று கணக்கு வையுங்கள். இரண்டாவது வந்தால் இலாபம்.

2018இல் நம் நாட்டுக்கு வந்த சேனா படைப்புழுவையும் மறக்கக் கூடாது. வாரம் இரண்டு தடவை குருத்தை விரித்துப் பார்த்து, முட்டையையும் புழுவையும் கையாலேயே நசுக்கிவிடுங்கள். 20 கன்றுக்கு அது பெரிய வேலை இல்லை.

4. வெள்ளரியில் பூவைக் கவனியுங்கள்

சாதாரண வெள்ளரிக் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் விரல் நுனி அளவு பிஞ்சு இருக்கும். முதலில் வருவது ஆண் பூக்கள். அவை உதிரத்தான் செய்யும். "பூவெல்லாம் கொட்டுதே" என்று பயந்து கொடியைப் பிடுங்க வேண்டாம். தேனீ வந்து மகரந்தத்தைச் சேர்த்தால்தான் பிஞ்சு காயாகும். விவசாயத் திணைக்களத்தின் 'கல்பிட்டி வெள்ளை' இந்த வகை. வெயிலும் தேனீயும் உள்ள தாழ்நாட்டுக்கும் நடுநாட்டுக்கும் ஏற்றது. விதையும் எடுத்துக்கொள்ளலாம்.

மூடுபனியும் தூறலுமாக இருக்கும் மலையில் தேனீ வெளியே வராது. அப்போது பிஞ்சு மஞ்சளாகி விழும். அப்படிப்பட்ட இடத்தில், காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தடவிவிடலாம். இல்லாவிட்டால் மகரந்தம் இல்லாமலே காய்க்கும் கலப்பின வெள்ளரி இருக்கிறது; கூடாரத்துக்குள் போடுவது அதுதான். விதை விலை கூட. அதில் விதை எடுக்கவும் முடியாது. கூடாரம் இல்லாதவர்கள் அதை வாங்குமுன் இரண்டு தடவை யோசியுங்கள்.

பெண் பூ மட்டுமே அதிகம் வரும் இனமும் உண்டு. அதற்குப் பக்கத்தில் ஆண் பூ உள்ள கொடி ஒன்றிரண்டு வேண்டும். பக்கெட்டுக்குள் வேறு நிறம் பூசிய சில விதை இருந்தால் அவற்றை வீசிவிடாதீர்கள். அவை ஆண் பூவுக்காக வைத்தவை.

பாகல் கொடி பக்கத்தில் இருந்தால் வெள்ளரி கசக்கும் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. இரண்டும் கலக்காது. தண்ணீர் ஒரு நாள் நிறைய, நாலு நாள் இல்லை என்று மாறி மாறிக் கிடைப்பதும், வெயில் கடுமையும், இனத்தின் குணமும்தான் கசப்புக்குக் காரணம். கடுமையாகக் கசக்கும் காயைச் சாப்பிடவே வேண்டாம், வயிற்றைக் கெடுக்கும்.

கொடியைத் தரையில் படரவிடாமல், கவ்வாத்து வெட்டிய மிலாறு நட்டு ஏற்றிவிடுங்கள். காற்றுப் பட்டால் இலை நோய் குறையும், காயும் அழுகாது. ஒரு குடும்பத்துக்கு ஆறு கொடி போதும். பழ ஈ குத்திய காயைக் குப்பையில் போடாமல் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள்.

5. மழையும் மண்ணும்

ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். பெப்ரவரி நடுவில் போட்டால் அதற்குமுன் காயைப் பார்த்துவிடலாம். ஊவாப் பக்கம் யூன் முதல் ஓகஸ்ட் வரை வறட்சி. அங்கே மார்ச் மாதம் போட்டால் ஏப்ரல் மழை உதவும். மழைப் பக்கத்தில் இருப்பவர்கள் இலை நோயைத் தாங்கும் இனமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

தேயிலைக்குப் பிடித்தது புளிப்பு மண். சோளத்துக்கும் வெள்ளரிக்கும் அவ்வளவு புளிப்பு ஆகாது. நடுவதற்கு மூன்று வாரத்துக்கு முன்பே டொலமைட் தூவிக் கொத்திவிடுங்கள். பிறகு மாட்டெருவும் கூட்டுப்பசளையும் போடுங்கள். மலைக்குப் போடும் தேயிலைப் பசளையைக் கொண்டுவந்து போட வேண்டாம். அது மண்ணை மேலும் புளிப்பாக்கும். கொடி இலையாகத் தழைக்கும், காய் இருக்காது.

6. பக்கெட் வாங்கும்போது

இனத்தின் பெயர், முளைக்கும் வீதம், காலாவதித் திகதி, எத்தனை நாளில் காய்க்கும் என்ற நான்கையும் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட்டிப்போங்கள். அந்த நாள் கணக்கு சூடான இடத்துக்கு உரியது. நம் உயரத்துக்கு இரண்டு மூன்று வாரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

'எஃப் 1' என்று போட்டிருந்தால் அது கலப்பினம். விளைச்சல் கூட, ஆனால் அதன் விதையைப் போட்டால் தாயைப் போல வராது. சிவப்பு, பச்சை நிறம் பூசிய விதையில் மருந்து இருக்கலாம். பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்; மிஞ்சியதை அவித்துச் சாப்பிடாதீர்கள்; நட்ட பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

சந்தேகம் இருந்தால் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். "எங்க தோட்டம் இத்தனை அடி, இந்த மாசம் மழை" என்று முதலிலேயே சொன்னால் அவரும் சரியான இனத்தைச் சொல்வார்.

ஒரு பக்கெட்டை மூன்று வீடு சேர்ந்து வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளலாம். முதல் போகத்தில் இரண்டு இனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பாருங்கள். நட்ட நாளையும் பறித்த நாளையும் சுவர்க் கலண்டரில் குறித்து வையுங்கள். அடுத்த போகத்துக்கு எந்த விதை என்று அந்தக் கலண்டரே உங்களுக்குச் சொல்லும்.